மீனுக்கு எவ்வளவு தண்ணி காணும்?

போன வருசம் பதுளைக்குப் போகிற கோச்சியில் நாங்கள் ஆறு பேர். தலவாக்கலையை நெருங்கினதும் பெட்டிக்குள் இருந்த பாதிச் சனம் ஒரே பக்க யன்னலுக்கு ஓடிவிட்டது. சென் கிளயர் நீர்வீழ்ச்சி. வன்னியில் குளம் வான் பாயிறதைத் தவிர விழுகிற தண்ணி பெரிதாகப் பார்த்திராத நானும் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். எங்களோடு படிக்கிற தோழி ஒருத்திக்கு அதுதான் ஊர். அவள் எழும்பவேயில்லை. "நல்லா பாத்துக்கங்க. எங்க அருவிக்கும் பகல் பேருதான்" என்றாள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்ததற்குக் கணக்கு எழுதுவதைப் 'பேர்' என்பார்கள். அவள் சொன்னது பகிடி மாதிரி இருந்தாலும் உண்மை. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவோற். அணைக்கட்டு அருவிக்கு மேலே இருக்கிறது. ஆற்றுத் தண்ணி மலைக்குள்ளால் போகிற சுரங்கத்தில் இறங்கி, நிலத்தடி மின்நிலையத்துக்குப் போகிறது. அருவி செத்துவிடும் என்று வருசக்கணக்காக எதிர்ப்பு நடந்தது. கடைசியில், ஆட்கள் பார்க்கிற பகல் நேரத்தில் அருவிக்குத் தண்ணி விடுவது என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

அதாவது யாரோ ஒருவர் மேசையில் இருந்து 'இவ்வளவு தண்ணி விட்டால் அருவி அருவி மாதிரி இருக்கும்' என்று கணக்குப் பார்த்திருக்கிறார். ஆனால் அது யன்னலில் தொங்குகிற என்னுடைய கண்ணுக்கான கணக்கு. ஆற்றுக்குள் இருக்கிற மீனுக்கு இரவும் உண்டே? இந்தக் கேள்வியோடு கம்பஸுக்குத் திரும்பி, வரலாற்று ஒப்படைக்கு வேறு தலைப்பு எழுதிக்கொடுத்திருந்ததையும் மறந்து, இரண்டு மாதம் அமெரிக்க ஆறுகளுக்குள் தொலைந்துபோனேன். ஏன் அமெரிக்கா என்றால், ஒரு மீனுக்கு எவ்வளவு தண்ணி தேவை என்று இலக்கத்தில் கேட்டு, நீதிமன்றம் வரைக்கும் அடிபட்ட வரலாறு அங்கேதான் நிறையவும் விபரமாகவும் கிடைக்கிறது.

முதலில் அவர்களுடைய சட்டம். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. தங்கம் அரிக்கத் தண்ணி வேணும். சுரங்கக்காரர்கள் ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டி, மைல் கணக்கில் தண்ணியைக் கொண்டுபோனார்கள். பிறகு வந்தவன் கீழே நின்று 'என்னுடைய தண்ணி எங்கே' என்று கேட்க, 1855இல் கலிபோர்னியா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் முடிவு சொன்னது: முதலில் எடுத்தவனுக்குத்தான் முதல் உரிமை. இந்தக் கொள்கை மேற்கு அமெரிக்கா முழுக்கப் பரவியது. இதற்கு ஒரு துணைவிதியும் இருந்தது. தண்ணியை ஆற்றிலிருந்து வெளியே எடுத்து எதற்காவது பயன்படுத்தினால்தான் உரிமை. வயலுக்கு, சுரங்கத்துக்கு, நகரத்துக்கு. ஆற்றிலேயே ஓடவிட்ட தண்ணி 'வீண் தண்ணி'.

கடலுக்குப் போகிற தண்ணி வீண் எண்டு எங்கட பக்கமும் சொல்லுவினம். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். அங்கே அந்த எண்ணம் சட்டமாகவே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 'முதலில் வந்தவர்' என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பார்க்கவேணும். சுரங்கக்காரன் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்த ஆறுகளோடு வாழ்ந்த பூர்வகுடிகளை அந்த வரிசையில் யாரும் சேர்க்கவில்லை. அவர்களே வரிசையில் இல்லாதபோது மீன் எங்கே நிற்கும்?

ஆற்றில் தண்ணியை விட்டுவைக்க வேண்டும் என்று வந்த ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று 1915இல் ஓரிகன் மாநிலத்தில் வந்தது. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் அருவிகளுக்கு ஓடிவரும் ஓடைகளில் யாரும் தண்ணி எடுக்கக்கூடாது. அங்கேயும் முதலில் காப்பாற்றப்பட்டது காட்சிதான் என்பதை வாசித்தபோது தோழிக்கு உடனே மெசேஜ் போட்டேன். மீனுக்காக ஓடைகளில் குறைந்தபட்ச ஓட்டம் வைக்கலாம் என்று அதே மாநிலம் சட்டம் கொண்டுவந்தது 1955இல். இடையில் நாற்பது வருசம்.

இனி மொனோ ஏரிக்கு வருவோம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த ஏரிக்கும், அதற்குள் விழுகிற ரஷ் கிறீக் என்ற ஓடைக்கும்தான்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து இருநூறு மைலுக்கு மேல் வாய்க்கால் போட்டுத் தண்ணி கொண்டுவந்தது. 'சைனாடவுன்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் நிழல் தெரியும். நகரம் இன்னும் வளர, இன்னும் வடக்கே போய், சியரா நெவாடா மலையின் கிழக்குப் பக்கத்தில் மொனோ ஏரிக்கு வரும் ஐந்து பெரிய ஓடைகளில் நாலைக் குறிவைத்தார்கள்: ரஷ், லீ வைனிங், வோக்கர், பாக்கர். 1940இல் மாநிலத் தண்ணீர்ப் பிரிவு அனுமதி கொடுத்தது. ஏரிக்குப் பாதிப்பு வரும் என்று தெரிந்தும், வீட்டுப் பாவனைக்கான தண்ணியே உயர்ந்த தேவை எனச் சட்டம் சொல்வதால் தங்களால் மறுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். 1941இல் தண்ணி திருப்பப்பட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். கலிபோர்னியாவின் மீன் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு 1930களிலேயே இருந்தது. இன்றைக்கு அதன் இலக்கம் 5937. அணைக்கட்டு வைத்திருப்பவர், அணைக்குக் கீழே வாழ்கிற அல்லது விடப்பட்ட மீன்கள் நல்ல நிலையில் இருக்கப் போதுமான தண்ணியை எப்போதும் விடவேணும் என்பது அதன் சாரம். இவ்வளவு தெளிவான சட்டம் இருக்க எப்படி ஓடைகளைக் காயப்போட்டார்கள்? பண்டமாற்றுத்தான். 1940இல் நகரத்துக்கும் மாநில மீன் ஆணைக்குழுவுக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம். ஓடையில் தண்ணி விடுவதற்குப் பதிலாக ஹொட் கிறீக் என்ற இடத்தில் மீன்குஞ்சுப் பண்ணைக்கு நகரம் காணி கொடுத்தது. ஆறு இல்லாவிட்டால் என்ன, தொட்டியில் வளர்த்து வேறு இடத்தில் விடலாம்தானே. அந்தக் காலத்து அதிகாரிகளைத் திட்டுவது சுகம். ஆனால் அவர்களுக்கு மீன் என்பது எண்ணிக்கை. எண்ணிக்கை குறையாவிட்டால் எல்லாம் சரி.

அப்படி நினைக்காத ஒருவர் இருந்தார். எல்டன் வெஸ்டல். மாநில மீன் துறையின் உயிரியலாளர். 1939இலிருந்து அந்தப் பக்கத்து ஓடைகளில் அலைந்து திரிந்தவர். ரஷ் கிறீக்கில் என்ன மீன், எவ்வளவு நீளம், எந்த இடத்தில் ஊற்று, தூண்டில்காரர் எத்தனை பிடித்தார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டே இருந்தார். 1947 முதல் 1951 வரை அந்த ஓடையில் பிடிபட்ட மீன்களின் கணக்கை 1954இல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். தண்ணி எடுப்பதை அவர் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. வேலை என்று எழுதிவைத்தார். அவரைக் கொஞ்ச நேரம் அங்கேயே விட்டுவைப்போம்.

ஆரம்பத்தில் வாய்க்கால் கொள்ளாத மிச்சத் தண்ணியாவது சில வருசங்களில் ஓடைக்கு வந்தது. 1970இல் இரண்டாவது வாய்க்கால் முடிந்தபிறகு அதுவும் போனது. கரையோர மரங்கள் பட்டுப்போயின. 1982 அளவில் ஏரியின் மட்டம் 45 அடி இறங்கி, தண்ணியின் அளவு பாதியாகி, உப்பு இரண்டு மடங்கானது. மொனோ ஏரி கடலைவிட உப்பானது. அதற்குள் மீனே கிடையாது. சின்ன உப்பு இறாலும் ஒரு வகை ஈயும்தான் கோடிக்கணக்கில். அந்த ஈயின் கூட்டுப்புழுவைப் பூர்வகுடிகளான குட்சடிக்கா மக்கள் சேகரித்து உணவாக்கினார்கள். இலட்சக்கணக்கான பறவைகளும் அதையும் இறாலையும் நம்பித்தான் வருகின்றன. 1979இல் நெகிட் என்ற தீவுக்கும் கரைக்கும் இடையில் தண்ணி வற்றி நிலம் தெரிய, நரி மாதிரியான கொயோட் விலங்குகள் நடந்துபோய்க் கடற்புறாக் கூடுகளைச் சூறையாடின.

1978இல் டேவிட் கெயின்ஸ் என்ற இளம் உயிரியலாளரும் கூட்டாளிகளும் மொனோ ஏரிக் குழுவை ஆரம்பித்தார்கள். எங்களைவிட ஏழெட்டு வயது கூடின ஆட்கள். 1983இல் மாநில உயர் நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புக் கொடுத்தது. ஏரி போன்ற பொதுச்சொத்துக்களை மக்களுக்காகப் பாதுகாக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு, கொடுத்த தண்ணி உரிமையை மீளப் பார்க்கலாம் என்று. சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பது அந்த வழக்கைத்தான். ஆனால் அந்தத் தீர்ப்பால் உடனே ஒரு சொட்டுத் தண்ணியும் ஏரிக்கு வரவில்லை. தண்ணியைக் கொண்டுவந்தது மீன். அதுவும் தற்செயலாக.

1982-83 குளிர்காலத்தில் மலையில் கடுமையான பனி. கோடையில் அது உருகி வர, ரஷ் கிறீக்கை மறித்திருந்த கிராண்ட் ஏரி அணை வான் பாய்ந்தது. நகரத்தின் வாய்க்காலுக்கு அவ்வளவு தண்ணி தேவைப்படவுமில்லை, கொள்ளவுமில்லை. அணைக்கு மேலே இருந்த ட்ரவுட் மீன்கள் தண்ணியோடு கீழே வந்து, பல வருசமாகச் செத்துக்கிடந்த ஓடைக்குள் குடியேறி, முட்டையும் போட்டன. 1984இல் நகரம் மறுபடி கதவைப் பூட்ட ஆயத்தமானபோது, அங்கே தூண்டில் போடப்போன ஒருவர் மீன்கள் நிறைய இருப்பதைக் கண்டார். அணைக்குக் கீழே மீன் இருந்தால் தண்ணி விடவேணும் என்று சட்டம். இப்போது மீன் இருக்கிறது. வழக்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிறகு வந்த கட்டளைப்படி ரஷ் கிறீக்கில் விநாடிக்குக் குறைந்தது 19 கன அடி தண்ணி ஓடவேணும்.

19 கன அடி என்றால் கிட்டத்தட்ட 540 லீற்றர். வீட்டுக்கு மேலே வைக்கிற 1000 லீற்றர் கறுப்புத் தாங்கியை இரண்டு விநாடிக்குள் நிரப்பிவிடும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் ஒரு மலை ஓடைக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு வருசம் கழித்து லீ வைனிங் கிறீக்கிலும் இதே கதை நடந்தது.

இதில் நான் நாலு நாள் மண்டையைப் போட்டு உடைத்த விசயம் ஒன்று உண்டு. அந்த ஓடைகளில் இயற்கையாக மீனே இல்லை. ட்ரவுட் எல்லாம் குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கொண்டுவந்து விட்டவை. ரஷ் கிறீக்கில் பெருகின பழுப்பு ட்ரவுட் ஐரோப்பிய மீன். எங்கட நுவரெலியாப் பக்க ஓடைகளிலும் வெள்ளைக்காரர் அதே காலத்தில் தூண்டில் பொழுதுபோக்குக்காக ட்ரவுட் கொண்டுவந்து விட்டார்கள். ஆக, பூர்வீக ஈயையும் பறவையையும் காப்பாற்றியது வந்தேறி மீன். 'விடப்பட்ட மீன்' என்ற சொல் சட்டத்தில் இருந்ததால் மட்டும் அது முடிந்தது. சூழலியல் தூய்மை பேசுகிறவர்களுக்கு இது கசக்கும். எனக்கும் கொஞ்சம் கசந்தது. ஆனால் 1984இல் கையில் இருந்த ஆயுதம் அதுதான்.

சரி, நீதிமன்றம் 'மீன் நல்ல நிலையில் இருக்கவேணும்' என்கிறது. எவ்வளவு தண்ணி என்று யார் சொல்வது? 19ஆ, 40ஆ, 100ஆ? இதற்கு ஏற்கனவே இரண்டு விதமான ஆட்கள் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் டொனால்ட் டெனன்ட். மத்திய மீன், வனசீவராசிகள் சேவையில் மொன்டானாவில் வேலைசெய்தவர். மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களின் 11 ஓடைகளில் பத்து வருசம் அளவெடுத்து 1976இல் எழுதினார். அவருடைய முறை ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஓடையின் வருடச் சராசரி ஓட்டத்தை எடு. அதில் 10 வீதம் இருந்தால் மீன் கொஞ்சக்காலம் உயிர்பிடித்துக் கிடக்கும். 30 வீதம் இருந்தால் பரவாயில்லை, வாழும். 60 வீதம் என்றால் அருமை. 10 வீதத்தில் தண்ணி சராசரி ஒரு அடி ஆழம், 30 வீதத்தில் ஒன்றரை அடி என்று எல்லா ஓடையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்ததாம். தண்ணியைக் கூட்டிக் குறைத்து ஒரே இடத்தைப் படமும் எடுத்துவைத்தார், நீதிபதியும் அரசியல்வாதியும் கண்ணால் பார்க்கட்டும் என்று. ஆற்றங்கரையில் கால் வைக்காமலே கணக்குப் போடலாம் என்பதால் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

பரவினபோது என்ன நடந்தது என்றால், '10 வீதம்' மட்டும் தனியாகக் கழன்று பயணம் போனது. டெனன்ட் அதைச் சாவுக்கு முந்தின கோடு மாதிரித்தான் சொன்னார். திட்டம் கட்டுகிறவர்களுக்கு அது இலக்காகிவிட்டது. இன்னொன்று, அவருடைய அட்டவணையில் ஒக்டோபர் முதல் மார்ச் வரைக்கும் குறைந்த வீதம், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைக்கும் கூடின வீதம். பனி உருகுகிற நாட்டுக்கு அது சரி. ஒக்டோபர் கழியத்தான் மாரி தொடங்குகிற ஊரில் பிறந்த எனக்கு அந்த அட்டவணையைப் பார்க்கவே சிரிப்பு வந்தது.

மற்ற ஆட்கள் கொலராடோவின் போர்ட் கொலின்ஸ் நகரத்தில் இருந்தார்கள். 1976இல் அதே மத்திய சேவை அங்கே ஒரு தனிக்குழுவை அமைத்தது. கென் போவி முதலானவர்கள் உருவாக்கிய முறையில் ஓடைக்குக் குறுக்கே நாடா பிடித்து, அடிக்கு அடி ஆழம், வேகம், அடியில் கல்லா மணலா என்று அளப்பார்கள். பிறகு மீனுக்கு எந்த ஆழம் பிடிக்கும், எந்த வேகம் பிடிக்கும் என்று பூச்சியத்திலிருந்து ஒன்று வரை புள்ளி போடுவார்கள். ஒரு துண்டு இடத்தின் ஆழத்துக்கு 0.9, வேகத்துக்கு 0.5, கல்லுக்கு 1 என்று வைத்தால், பெருக்க 0.45. அந்த இடம் 10 சதுர மீற்றர் என்றால் மீனுக்கு அது 4.5 சதுர மீற்றர்தான். இப்படி ஓடை முழுக்கக் கூட்டி, தண்ணியைக் கூட்டிக் குறைத்துக் கணினியில் ஒரு வளைகோடு வரைந்தால், எந்த ஓட்டத்தில் மீனுக்கு அதிக இடம் என்று வரும்.

நீதிமன்றத்தில் காட்ட இதைவிட நல்ல சாமான் கிடையாது. வளைகோடு, இலக்கம், தசமதானம். ஆனால் கொஞ்சம் தோண்டினால் விளங்கும், அரசியல் எல்லாம் புள்ளி போடும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எந்த மீன்? குஞ்சுக்கு மெதுவான தண்ணி வேணும், பெரியதற்கு ஆழம் வேணும், முட்டைபோடக் கூழாங்கல்லுக்கு மேல் ஓடுகிற தண்ணி வேணும். ஒவ்வொன்றுக்கும் வளைகோட்டின் உச்சி வேறு வேறு இடத்தில். குஞ்சின் கோட்டை எடுத்தால் தண்ணி கூடக்கூட மீனுக்குக் கெடுதி என்றுகூட வாதாடலாம். ஒரே கணினி, ஒரே ஓடை, இரண்டு பக்கச் சட்டத்தரணிக்கும் வேலை செய்யும்.

1989இலும் 1990இலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு தீர்ப்புக் கொடுத்தது. மொனோ, இனியோ பகுதிகளில் 1953க்குப் பிறகு கொடுக்கப்படும் தண்ணி அனுமதிகள் மீன் சட்டத்துக்குக் கட்டுப்படவேணும் என்று இன்னொரு பிரிவு இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸின் உரிமப்பத்திரங்கள் வழங்கப்பட்டது 1974இல். மாட்டுப்பட்டார்கள். மீனுக்கு வேண்டிய தண்ணி போகத்தான் மிச்சம் நகரத்துக்கு, முதலில் நகரத்துக்கு எடுத்துவிட்டு மிச்சம் மீனுக்கு அல்ல என்பது தீர்ப்பின் விளைவு. 1855இலிருந்து நின்ற வரிசையில் மீன் முன்னுக்கு வந்தது அங்கேதான்.

'நல்ல நிலை' என்றால் என்ன என்ற கேள்வி மட்டும் பாக்கி. அதற்கு நான் வாசித்ததில் நேர்த்தியான பதில் பூட்டா கிறீக் என்ற வேறொரு கலிபோர்னிய ஓடையின் வழக்கில் வந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் மீனியல் பேராசிரியர் பீற்றர் மொயில் மூன்று படி சொன்னார். தனி மீன் நோய் இல்லாமல் இருக்கவேணும். அந்த இனத்தில் குஞ்சு, நடுத்தரம், பெரிசு எல்லா வயதும் இருக்கவேணும். ஓடையில் வாழவேண்டிய இனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சமூகமாக இருக்கவேணும். பத்துப் பெரிய மீனைப் பிடித்துக்காட்டி 'பார், நல்லாத்தானே இருக்கு' என்று இனிச் சொல்ல முடியாது. 2000இல் அந்த வழக்கு இணக்கத்தில் முடிந்தது. பிறகு அந்த ஓடைக்குச் சமன் மீன்கள் திரும்பி வரத் தொடங்கின.

இப்போது வெஸ்டலிடம் திரும்புவோம். 1993-94இல் மாநில தண்ணீர்ச் சபை மொனோ விசாரணையை 40 நாளுக்கு மேல் நடத்தியது. தண்ணி திருப்ப முந்தி ரஷ் கிறீக் எப்படி இருந்தது? 50 வருசம் கழித்து யாருக்குத் தெரியும்? இளைப்பாறி முதிர்ந்துவிட்ட வெஸ்டல் சாட்சி சொன்னார். நினைவிலிருந்து மட்டுமல்ல, அந்தக்காலக் குறிப்புகளோடும். ரஷ் கிறீக்கில் முக்கால் இறாத்தலிலிருந்து இரண்டு இறாத்தல் வரை பழுப்பு ட்ரவுட் வழமையாகக் கிடைத்தது, 13, 14 அங்குல மீன்கள் சாதாரணம் என்ற விபரம் அப்படித்தான் பதிவேறியது. ஓடை திரும்பிவிட்டதா என்று பார்க்கப் பின்னாளில் வைத்த அளவுகோலிலும் அதே இறாத்தல், அதே அங்குலம். ஒரு அரச ஊழியர் யாரும் கேட்காத காலத்தில் எழுதின கொப்பி.

1994 செப்டெம்பர் 28இல் சபை 1631ஆம் இலக்கத் தீர்மானத்தை வெளியிட்டது. நாலு ஓடைகளுக்கும் பருவத்துக்குப் பருவம் குறைந்தபட்ச ஓட்டம், ஏரியைக் கடல்மட்டத்திலிருந்து 6,391 அடிக்கு ஏற்றுவது, அதுவரை நகரம் எடுக்கும் தண்ணிக்குக் கட்டுப்பாடு. நகரம் மேன்முறையீட்டுக்குப் போகவில்லை.

நகரத்துச் சனத்தின் தண்ணி என்ன ஆனது என்று கேட்பது நியாயம். குழாயைத் திறக்கிற ஏழைக் குடும்பமா, மீனா என்று கேட்டால் நான் உடனே மீன் என்று சொல்லமாட்டேன். அங்கே நடந்தது சுவாரசியமானது. கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக்கன் வழித் தாய்மாரின் அமைப்பு ஒன்று 1990களின் ஆரம்பத்தில் தண்ணி குறைவாகப் பாவிக்கும் மலசலகூடங்களை வீடு வீடாகக் கொடுக்கும் வேலையை எடுத்தது. பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியது இலவசம், சுற்றுவட்டார ஆட்களுக்கு வேலையும். அந்தப் பகுதிப் பிள்ளைகள் மொனோ ஏரியைப் பார்க்கவும் போனார்கள். மலையிலிருக்கும் ஏரி ஒன்று நகரத்துக் கக்கூஸ் தொட்டிகளாலும் காப்பாற்றப்பட்டது என்பது எந்தச் சுற்றுச்சூழல் சுவரொட்டியிலும் வராத விசயம்.

ஆனால் குறைந்தபட்ச ஓட்டம் என்ற எண்ணத்துக்கே ரஷ் கிறீக்கில் அடி விழுந்தது. ஓடை பல வருசம் காய்ந்து, கரையில் மரம் இல்லாமல் கிடந்தபோது வெள்ளம் வந்து படுக்கையை அறுத்து ஆழமாக்கிவிட்டது. அந்த உடைந்த ஓடையில் நாடா பிடித்து அளந்தால் வருவது உடைந்த ஓடைக்கான இலக்கம். மீனுக்குக் குழி வேணும் என்று முதலில் இயந்திரம் கொண்டுபோய்க் குழி தோண்டினார்கள். பிறகு ஓடையைக் கவனித்த விஞ்ஞானிகள் சொன்னது வேறு: குழியைத் தோண்டுவது ஆற்றின் வேலை, அதற்கு இடைக்கிடை பெருவெள்ளம் வேணும். 1998இல் வந்த கட்டளைகளில் வெள்ள ஓட்டங்களும் சேர்ந்தன. 'ஆகக்குறைந்தது எவ்வளவு' என்று தொடங்கின கேள்வி 'எப்போது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு' என்று மாறிவிட்டது. நன்மழை வருசத்துக்கு ஒரு கணக்கு, வறட்சி வருசத்துக்கு இன்னொன்று. அதே காலத்தில், 1996இல், 12 விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஒரு ஆற்றுக்கு இவ்வளவு தண்ணி போதும் என்று சொல்ல விஞ்ஞான ரீதியாக நியாயப்படுத்தக்கூடிய முறை எதுவும் இப்போது இல்லை. ஆகவே கொஞ்சம் தாராளமாகவே விட்டு, கவனித்து, பிழை என்றால் மாற்றுங்கள். தங்கள் தொழிலின் கருவியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதற்குத் துணிவு வேணும்.

2013இல் நகரமும் மற்றத் தரப்புகளும் இணங்கி, 2021இல் உரிமப்பத்திரங்கள் திருத்தப்பட்டன. கிராண்ட் ஏரி அணையிலிருந்து பெருவெள்ளம் விடக்கூடிய மாதிரி அதை மாற்றவும் நகரம் ஒப்புக்கொண்டது. ஏரி 6,391 அடியை இன்னும் எட்டவில்லை. இருபது வருசத்தில் வரும் என்று நினைத்தார்கள், முப்பது வருசம் ஆகிவிட்டது. வழக்குப் போட்டு வென்றவர்களில் பலர் இப்போது கிழவர்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைத் தலவாக்கலைத் தோழிக்கு அனுப்பினேன். வொய்ஸ் மெசேஜ் வந்தது. "மீனா? அருவிக்குக் கீழ எங்க மாமா சின்ன வயசுல புடிச்சிருக்காரு. பேரெல்லாம் சொல்லுவாரு. நான் ஒருநாளும் கேட்டதில்ல." இந்த லீவுக்குப் போகும்போது கேட்டு, என்ன மீன், எவ்வளவு நீளம், எந்த மாதம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாமா சொல்கிற பேரையே எழுதட்டும். இரவில் தண்ணி எப்படி இருந்தது என்றும் கேட்கச் சொன்னேன்.